மெதுவாகிப்போன மேசைக் கணினி: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீட்டுக்கென்று வாங்கப்படும் மலிவுவிலை மேசைக் கணினி, பெரும்பாலும் ஏதோ ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு மறுவிற்பனைக்கு வந்ததாகவே இருக்கும். நான்காம் தலைமுறை இன்டெல் பிராசசர், 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் என்பது அதன் வழக்கமான அமைப்பு. பிள்ளைகளின் எஸ்.பி.எம். தேர்வுப் பயிற்சித் தாள்கள், கோயில் திருவிழாக் கணக்கு, வருமான வரிப் படிவம், இறந்துபோன தாத்தாவின் படங்கள் என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டியவை எல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். அது மெதுவானதும் கடையில் கிடைக்கும் பதில் இரண்டில் ஒன்று: “ஃபார்மட் செய்துவிடலாம்” அல்லது “புதிதாக வாங்கிவிடுங்கள்.” இரண்டுமே பழுது இன்னதென்று தெரிவதற்கு முன்பே சொல்லப்படும் தீர்வுகள். இத்தகைய கணினிகளில் பெரும்பாலானவற்றை ஒரே ஓர் உறுப்பை மாற்றியோ, ஒன்றையும் மாற்றாமல் துப்புரவு செய்தோ மீட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. எந்த உறுப்பு என்பதை அது மெதுவாகும் விதமே காட்டிக்கொடுக்கும். ஆகவே கீழே உள்ளவற்றில் உங்கள் கணினியின் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகச் செல்லலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

எதையும் தொடுவதற்கு முன்

முதல் வேலை கோப்புகளைக் காப்பாற்றுவது. ஹார்ட் டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தால், நாம் செய்யும் சோதனையே அதன் கடைசி ஓட்டமாக அமைந்துவிடக்கூடும். ஆவணங்களையும் படங்களையும் ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகலெடுங்கள். திரும்பவும் கிடைக்கக்கூடிய திரைப்படங்களையும் பாடல்களையும் கடைசிக்கு விடுங்கள். ஒரு கோப்பில் நகலெடுப்பு நின்றுவிட்டால் அதனோடு போராடாமல் அதைத் தாண்டி மற்றவற்றை எடுத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு அதற்குத் திரும்பலாம். பெட்டிக்குள்ளிருந்து சீரான இடைவெளியில் ‘டக், டக்’ என்ற ஓசை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் அது ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இருப்பதை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. விலைமதிப்பற்ற படங்கள் இருந்தால் தரவு மீட்பு நிபுணரிடம் அப்படியே கொடுப்பதுதான் சரி.

பெட்டியைத் திறப்பதாக இருந்தால் சுவிட்சை அணைப்பது போதாது; பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, கணினியின் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் சேமித்து வைத்திருக்கக்கூடியது. ஓடும் கணினியின் உலோகப் பெட்டியைத் தொடும்போது கையில் மின்சாரம் சுரீரென்று தெரிந்தால், வீட்டின் எர்த் இணைப்பு சரியாக இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். பழைய லயத்து வீடுகளில் இதைக் கவனிக்காமல் விடுவது உயிருக்கே ஆபத்து. கணினியைப் பிறகு பார்க்கலாம், முதலில் உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள்.

நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்தில் சி.பி.யு. என்னும் பிராசசர், மெமரி என்னும் ரேம், டிஸ்க் ஆகிய மூன்றும் தனித்தனியே காட்டப்படும். கணினி தொடங்கிய உடனே பின்னணியில் அப்டேட்டும் வைரஸ் சோதனையும் ஓடுவது இயல்பு என்பதால், கால் மணி நேரம் பொறுத்து, நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்து, அது திணறும் அந்தக் கணத்தில் எந்த அளவு உச்சியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சி.பி.யு. பக்கத்தில் தெரியும் வேகத்தையும், அதாவது இத்தனை கிகாஹெர்ட்ஸ் என்ற எண்ணையும், சேர்த்து எழுதிவையுங்கள்; பின்னால் அது தேவைப்படும்.

அறிகுறி: டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, எதைச் சொடுக்கினாலும் காத்திருக்க வேண்டியுள்ளது

மலிவுவிலைக் கணினியில் மிக அதிகமாகக் காணப்படும் நிலை இதுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். டிஸ்க் 100 சதவீதம் என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில்தான் இருக்கிறது, ஆனால் இன்றைய விண்டோஸ் கேட்கும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. மற்றொன்று, அது உண்மையிலேயே பழுதாகிக்கொண்டிருக்கிறது. முதலாவதில் அவசரமில்லை, இரண்டாவதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க், ஒரு பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்.பி.க்கு மேல் கொடுத்தாலும், ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடும்போது அதன் ஊசி அங்குமிங்கும் நகர வேண்டியிருப்பதால் விநாடிக்கு 1 எம்.பி. அளவுக்குச் சரிந்துவிடும். ஆகவே வேகம் குறைவாகத் தெரிவதை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். டிஸ்க் பக்கத்தின் கீழே சராசரி பதில் நேரம் மில்லிவிநாடியில் காட்டப்படும். வேலைப்பளுவின்போது சில பத்துகளில் இருந்தால் அது வெறும் மெதுவான டிஸ்க். பெரிய வேலை எதுவும் நடக்காதபோதே பல நூறுகளையும் ஆயிரங்களையும் தொட்டு நின்றால், உள்ளே ஏதோ ஓரிடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று தோற்கிறது என்று கொள்ளலாம்.

உறுதிப்படுத்துவதற்கு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்து வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளை அது படித்துக் காட்டும். நான்கு வரிகளை மட்டும் பாருங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பகுதிகள். சி6, சரிசெய்ய முடியாதவை என்று முடிவாகிவிட்டவை. இம்மூன்றிலும் பூச்சியமே இருக்க வேண்டும். சி5 பூச்சியமாக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்ப முடியாது. நான்காவதான சி7 வேறு வகையைச் சேர்ந்தது: அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு சிதைந்த எண்ணிக்கை. சி7 மட்டும் ஏறி மற்ற மூன்றும் பூச்சியமாக இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். சில ரிங்கிட் விலையுள்ள அந்தக் கேபிளை மாற்றிவிட்டு, எண் மேலும் ஏறுகிறதா என்று கவனியுங்கள். பழைய எண் குறையாது, ஏறாமல் நின்றால் போதும். நம் ஊரின் ஈரப்பதத்தில் இணைப்பு முனைகள் மங்கிப்போவது உண்டு என்பதால், புதுக் கேபிள் கிடைக்கும்வரை பழையதையே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்ப்பதும் பயன் தரலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிஸ்க் பிழை என்றாலே விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கெட்ட பகுதிகளைத் தேடும் முழுச் சோதனை, டிஸ்க்கின் ஒவ்வோர் அங்குலத்தையும் படிக்க வைத்து மணிக்கணக்கில் அதை வாட்டும். நோயுற்ற டிஸ்க் அதைத் தாங்காது. கோப்புகள் பாதுகாப்பாக வெளியே வந்த பிறகுதான் அதைப் பற்றி எண்ணவே வேண்டும். சி5 ஏறிய டிஸ்க்குக்கு அப்போதும் அது வீண் வேலை என்பேன்.

தீர்வு இரண்டு நிலைக்கும் ஒன்றுதான்: சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. பழைய கணினியில் சாட்டா வகை 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. பொருந்தும், விநாடிக்கு 500 எம்.பி. அளவில் படிக்கும் என்பதைவிட, சிறு கோப்புகளைத் தேட அதில் நகரும் ஊசியே இல்லை என்பதுதான் உண்மையான ஆதாயம். இந்த வகைக் கணினிக்குச் செலவிடும் பணத்தில் இதைப்போல் பலன் தருவது வேறொன்றும் இல்லை. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் உள்ளதை அப்படியே நகலெடுத்து மாற்றலாம். பழுதான டிஸ்க்காக இருந்தால் புதிதாக விண்டோஸ் நிறுவிக் கோப்புகளை மட்டும் கொண்டுவருவது நல்லது, இல்லையென்றால் சிதைந்த அமைப்புக் கோப்புகளும் கூடவே வந்துசேரும். பெயர் தெரியாத, நம்ப முடியாத விலையில் இணையத்தில் விற்கப்படும் 2 டி.பி. எஸ்.எஸ்.டி.யை வாங்காதீர்கள், சிறிய சிப்பை வைத்துப் பெரிய அளவைப் பொய்யாகக் காட்டும் பொருள்கள் சந்தையில் உள்ளன, எழுதப்பட்ட கோப்புகள் ஓசையின்றிக் காணாமல் போகும். ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. இருந்தும் மெதுவாக இருந்தால், அது நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள், மலிவு எஸ்.எஸ்.டி.கள் இடம் தீரத் தீர எழுதும் வேகத்தை இழக்கும்.

அறிகுறி: இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்ததும் எல்லாம் உறைந்துபோகிறது

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, அதே நேரத்தில் டிஸ்க்கும் உச்சிக்குப் போனால் ரேம் போதவில்லை. இடமில்லாதவற்றை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. 4 ஜி.பி.யை 8 ஆக்கினால் வீட்டு வேலைகளுக்குப் போதும். வாங்குவதற்கு முன் உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி அதன் ஒட்டுத்தாளைப் பாருங்கள். நான்காம் தலைமுறை இன்டெல் கணினிகளில் டிடிஆர்3, அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலும் டிடிஆர்4. வெட்டு இருக்கும் இடம் வேறுபடுவதால் ஒன்று மற்றதில் நுழையாது. வலுக்கட்டாயமாக அழுத்த வேண்டாம். ஒரே அளவில் இரண்டு ரேம்களை இரண்டு வழித்தடங்களில் போடுவது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்குக் கூடுதல் நன்மை தரும்.

8 ஜி.பி. போட்டிருந்தும் கணினி 4 மட்டுமே காட்டினால், அல்லது விண்டோஸ் நிலைகுலையும்போது வரும் நீலத்திரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணம் சொன்னால், ரேமே பழுதாக இருக்கலாம். அதைக் கழற்றி, தங்கநிற முனைகளை வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, துகள்களை ஊதிவிட்டு மீண்டும் மாட்டுங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி இரவு முழுவதும் விடுங்கள். இதில் சிறு பிழை, பெரும் பிழை என்று வேறுபாடு கிடையாது. ஒரு பிழை வந்தாலும் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே சோதித்துக் கெட்டதை நீக்க வேண்டும்.

அறிகுறி: தொடங்கும்போது நன்றாக இருக்கிறது, சிறிது நேரத்தில் தளர்ந்துவிடுகிறது

இது வெப்பம். மின்விசிறியின் இரைச்சலும் கூடவே ஏறினால் ஐயமே வேண்டாம். பெரும்பாலான இன்டெல் மேசைக் கணினிப் பிராசசர்கள் 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்வதற்காகத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்ப அளவைக் காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். நம் வீடுகளில் பிற்பகல் அறை வெப்பமே 32 டிகிரியைத் தொடும் என்பதால், சும்மா இருக்கையில் 45, வேலையின்போது 75 வரை இருந்தால் கவலை இல்லை. ஒரு காணொளியை ஓட்டியதும் 95க்கு மேல் பாய்ந்தால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.

செம்மண் சாலை ஓரத்து வீடென்றால் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெப்பத் தகடுகளின் இடுக்கில் தூசி கம்பளம்போல் படிந்திருக்கும். சாம்பிராணிப் புகையும் சமையலறை எண்ணெய்ப் புகையும் சேர்ந்த வீட்டில் அது பிசுபிசுப்பாகவும் இருக்கும். வீட்டுக்கு வெளியே வைத்து, மின்விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையாலும் காற்றாலும் நீக்குங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி கட்டுக்கடங்காமல் சுழன்று அதன் பேரிங் கெடும். இன்டெல்லின் சாதாரண வெப்பத் தகடு நான்கு பிளாஸ்டிக் முளைகளால் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலே வெப்பம் எகிறிவிடும் என்பதால் நான்கையும் அழுத்திப் பாருங்கள். பல ஆண்டுகளான கணினியில், பிராசசருக்கும் தகட்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து மாவாகியிருக்கும். தகட்டைக் கழற்றி, பழையதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்துத் திரும்பப் பொருத்தினால் போதும். கணினியைச் சுவரோடு ஒட்டியோ மேசை அலமாரிக்குள் அடைத்தோ வைத்திருந்தால், இத்தனையும் செய்த பிறகும் பழைய கதைதான். பின்புறம் ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள்.

குளிர்ந்திருக்கும்போதும் பிராசசர் 0.8 கிகாஹெர்ட்சிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெப்பம் அல்ல. முதலில் விண்டோஸின் மின்சிக்கன அமைப்பு குறைந்த நிலையில் வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கெர்னல் பிராசசர் பவர் என்ற பெயரில் 37 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். பிராசசரின் வேகத்தை மதர்போர்டின் உள்மென்பொருள்தான் கட்டுப்படுத்துகிறது என்பது அதன் பொருள். அந்த நிலையில் அந்த உள்மென்பொருளான பயாசின் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து பார்ப்பது முதல் முயற்சி; அதிலும் தீராவிட்டால் மதர்போர்டின் உணரியோ மின்பகுதியோ பழுதாகியிருக்கலாம்.

அறிகுறி: மழைக்காலத்துக்குப் பிறகு எலிக்குறி திக்குகிறது, ஒலி கரகரக்கிறது

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி அதிகம். மின்னல் கணினியை ஒரேயடியாகக் கொன்றுவிட்டால் பழுது வெளிப்படையாகத் தெரியும். அரைகுறையாகத் தாக்கினால்தான் கண்டுபிடிப்பது கடினம்: கணினி ஓடும், ஆனால் மதர்போர்டிலுள்ள நெட்வொர்க் சிப் ஓயாமல் பொய்யான அழைப்புகளைப் பிராசசருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் சிஸ்டம் இன்ட்டரப்ட்ஸ் என்ற வரி வழக்கமாக ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அது 10, 20 என்று நின்றால் ஏதோ ஒரு வன்பொருள் நச்சரிக்கிறது. முதலில் விசைப்பலகை, எலி தவிர யு.எஸ்.பி.யில் இருப்பதையெல்லாம் கழற்றுங்கள். குறையாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டை முடக்கிப் பாருங்கள். பிறகு ஒலிச் சிப்பை. எதை முடக்கியதும் எண் விழுகிறதோ அதுதான் பழுது. பழுதான நெட்வொர்க் சிப்பைப் பயாசில் நிரந்தரமாக முடக்கிவிட்டு, ஒரு சிறு யு.எஸ்.பி. வைஃபை கருவியை வைத்துக்கொண்டு அந்தக் கணினியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

இனி வரும் மழைக்கு, பவர் பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். கண்ணாடியிழை இணைப்பு வந்துவிட்டதே என்று எண்ண வேண்டாம். இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் ரௌட்டரின் அடாப்டர் சுவரில்தானே செருகியிருக்கிறது.

அறிகுறி: விளையாட்டோ காணொளியோ ஓடும்போது தானாக அணைந்து திரும்பத் தொடங்குகிறது

நீலத்திரையே வராமல் பொட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் பவர் சப்ளை. ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு இருக்கும். அது அணைந்ததைத்தான் சொல்லுமே தவிரக் காரணத்தைச் சொல்லாது. 12 வோல்ட் தடத்தில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் தடத்தில் 4.75 முதல் 5.25 வரையும் ஏற்கத்தக்கவை. மென்பொருள் காட்டும் வோல்ட் அளவு நம்பத்தக்கதல்ல. மல்டிமீட்டர் பயன்படுத்தத் தெரிந்தவர் வேலைப்பளுவின்போது அளக்க வேண்டும். அதற்கு முன், குளிர்சாதனப் பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் இருக்கும் அதே நீட்டுக் கம்பியிலிருந்து கணினியைப் பிரித்துத் தனிச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். மதர்போர்டில் பிராசசரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியோ பழுப்புநிறக் கசிவோடோ இருந்தால் பழுது அங்கே. எறும்புக் கூடும் பல்லியின் எச்சமும் இருக்கிறதா என்று பார்ப்பதையும் தவிர்க்காதீர்கள். வெதுவெதுப்பான இடத்தை அவை விரும்பும், ஷார்ட் ஆவதற்கு இரண்டு முனைகளுக்கிடையே கிடக்கும் ஒரு செத்த பல்லி போதும். மாற்றுப் பவர் சப்ளை வாங்கும்போது இணைப்பைச் சரிபாருங்கள்: அலுவலக வகைக் கணினிகள் சிலவற்றில் வழக்கமான 24 முனை இணைப்புக்குப் பதில் வேறு வகை இருக்கும். பின்புறம் 115, 230 என்ற சிவப்பு மாற்றி இருந்தால் அது 230இல் இருக்க வேண்டும்.

அறிகுறி: தேதி பின்னோக்கிப் போகிறது, இணையப் பக்கங்கள் பாதுகாப்பற்றவை என்று வருகின்றன

மதர்போர்டில் கணினியின் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடையில் வாங்கி மாற்றி, பயாசில் தேதியைச் சரிசெய்யுங்கள். மாற்றிய பிறகு விண்டோஸ் தொடங்க மறுத்தால், பயாசில் டிஸ்க் இயங்கும் முறையைக் குறிக்கும் சாட்டா அமைப்பு ஏஎச்சிஐ என்பதிலிருந்து மாறிவிட்டதா என்று பாருங்கள்.

அறிகுறி: மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை

விண்டோசுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கி அரைமணி நேரம் பயன்படுத்துங்கள். பென்டிரைவிலிருந்து ஏறும் நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல், திறந்த பிறகு அது சீராக ஓடினால், பிராசசரும் ரேமும் மதர்போர்டும் பெரும்பாலும் நலம். குறை டிஸ்க்கிலோ விண்டோசிலோ இருக்கிறது. டிஸ்க் ஏற்கெனவே தேறியிருந்தால், ஸ்டார்ட்அப் பட்டியலில் வேண்டாதவற்றை முடக்குங்கள், இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இருந்தால் ஒன்றை நீக்குங்கள், அப்புறமும் மாறாவிட்டால் அப்போதுதான் ஃபார்மட். லினக்சிலும் அதே திணறல் என்றால் வன்பொருள் பழுதுதான்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் பிராசசரையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும். ஆகவே நான்காம் தலைமுறைக் கணினியில் மதர்போர்டே போய்விட்டது என்று தெளிவானால், அதற்கு மறுபடியும் மதர்போர்டு வாங்கிப் போடச் சொல்ல மாட்டேன். டிஸ்க், ரேம், பேஸ்ட் அளவில் தீரும் பழுதென்றால் தாராளமாகச் சரிசெய்து, அதே லினக்ஸ் மின்ட்டை நிறுவிப் பிள்ளைகளின் படிப்புக்கும் கோயில் கணக்குக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றாலும், ஸ்மார்ட் எண்கள், வெப்ப அளவு, மெம்டெஸ்ட் முடிவு, சி.பி.யு. வேகம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கணினியோடு கொடுங்கள். மாற்றிய பழைய உறுப்பைத் திரும்பத் தரும்படி கேளுங்கள். குறிப்பாக ஹார்ட் டிஸ்க்கை, அதில் உங்கள் வீட்டு ஆவணங்கள் இன்னும் இருக்கின்றன.